புலியின் வரிகளும் படத்தின் வெட்டுகளும்

தொம்மலூர் இரண்டாம் ஸ்டேஜில் உள்ள பெங்களூர் இன்டர்நேஷனல் சென்டரில் காட்டுயிர் பற்றிய ஆவணப்படம் ஒன்றைத் திரையிட்டு, முடிந்ததும் கலந்துரையாடல் வைத்தால் இரண்டு விதமான கேள்விகள் எழும். ‘இந்தக் காட்சிக்காக எத்தனை நாள் காத்திருந்தீர்கள், யானை துரத்தியதா?’ என்பது ஒருவகை. ‘முதலில் வந்த சிறுத்தையும் கடைசியில் வந்த சிறுத்தையும் ஒன்றுதானா, குட்டிகளை எந்த மாதத்தில் எடுத்தீர்கள்?’ என்பது இன்னொரு வகை. இரண்டாவது வகைக் கேள்வியைக் கேட்பதற்கு இந்த ஊரில் ஆட்கள் உண்டு. இந்திய அறிவியல் கழகம், தேசிய உயிரி அறிவியல் மையம், ஏட்ரீ, காட்டுயிர் ஆய்வு மையம் எல்லாம் பெங்களூருவில்தான் இருக்கின்றன. காட்டுயிர்ப் படமெடுக்கும் சந்தேஷ் கடூர் இந்த ஊர்க்காரர். 2020-ல் திரையரங்குகளுக்கு வந்த ‘வைல்ட் கர்நாடகா’வை எடுத்த கல்யாண் வர்மாவும் அமோகவர்ஷாவும் மென்பொருள் வேலையை விட்டு இங்கிருந்தே காட்டுக்குப் போனவர்கள். ஆய்வும் படமும் இப்படி அருகருகே வளர்ந்திருந்தும், விஞ்ஞானியைப் படமெடுப்பவராக மாற்றும் பட்டப்படிப்பைத் தேடி நம் மாணவர்கள் கடல் கடந்துதான் போகிறார்கள்.

அவர்கள் தேடிப்போகும் படிப்புகளில் முன்னோடி, அமெரிக்காவின் போஸ்மன் நகரில் மொன்டானா மாநிலப் பல்கலைக்கழகம் நடத்துவது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ரொனால்ட் டோபியாஸ் அதைத் தொடங்கினார். அறிவியலிலோ பொறியியலிலோ தொழில்நுட்பத்திலோ பட்டம் பெற்றவர்களைச் சேர்த்துக்கொண்டு மூன்று ஆண்டுகளில் கேமரா, ஒலி, படத்தொகுப்பு, தயாரிப்பு எல்லாம் கற்றுக்கொடுத்து, ஒரு முழுப் படத்தோடு வெளியே அனுப்புவது அதன் வழி. சினிமாக்காரருக்கு அறிவியல் சொல்லிக்கொடுப்பதைவிட விஞ்ஞானிக்குச் சினிமா சொல்லிக்கொடுப்பது எளிது என்ற நம்பிக்கையின்மேல் அந்தப் படிப்பு நிற்கிறது. நியூசிலாந்தின் டனிடன் நகரில் ஒடாகோ பல்கலைக்கழகமும் இதற்கு இணையான ஒன்றை நடத்தியது. கொல்கத்தாவைச் சேர்ந்த அஷ்விகா கபூர் அங்கே படித்துவிட்டு, சிரோக்கோ என்ற காக்கப்போ கிளியைப் பற்றி எடுத்த சிறு படத்துக்காக 2014-ல் ‘பசுமை ஆஸ்கர்’ எனப்படும் பாண்டா விருதைப் பெற்றார்.

இந்த யோசனை பிறந்ததற்கு நியாயமான காரணம் உண்டு. அதைப் புரிந்துகொள்ள நம் நாட்டு அனுபவமே போதும். 1984 ஆகஸ்ட் 15 அன்று பல்கலைக்கழக மானியக் குழு தூர்தர்ஷனில் ‘கன்ட்ரிவைட் கிளாஸ்ரூம்’ நிகழ்ச்சியைத் தொடங்கியது. மதிய நேரங்களில் அதைப் பார்த்தவர்களுக்கு அந்த நிகழ்ச்சிகளின் நிறம் நினைவிருக்கும். பாடம் பேராசிரியருடையது, கேமரா தயாரிப்பாளருடையது. பேராசிரியருக்குக் கேமராவால் என்ன முடியும் என்று தெரியாது. தயாரிப்பாளருக்கு எந்த வாக்கியத்தை வெட்டினால் பொருள் மாறிவிடும் என்று தெரியாது. அதனால் எதையும் வெட்டாமல் பேராசிரியரைப் பேசவிட்டுவிடுவார். நல்ல ஆசிரியர்கள் பலர் அந்தத் திரையில் உயிரற்றுத் தெரிந்தார்கள். அதே பத்தாண்டில் வந்த ‘பாரத் கி சாப்’ வேறு கதை. இந்திய அறிவியலின் வரலாற்றைப் பதின்மூன்று பகுதிகளாகச் சொன்ன அந்தத் தொடரை இயக்கியவர் சந்திதா முகர்ஜி. அவர் புனே திரைப்படக் கல்லூரியில் பயின்றவர், விஞ்ஞானி அல்லர். அந்தத் தொடருக்குப் பின்னால் அறிஞர்களும் படக்குழுவும் நீண்ட காலம் சேர்ந்து உழைத்திருந்தார்கள். அந்தக் காலம் கிடைக்காத இடங்களில்தான் இருவரையும் ஒரே ஆளாக்கிவிடலாம் என்ற ஆசை எழுகிறது.

இதைவிட வலுவான காரணம் தொலைக்காட்சிச் சந்தை. 2012-ல் அனிமல் பிளானட் அலைவரிசை கடற்கன்னியின் உடல் கிடைத்ததாக ஒரு நிகழ்ச்சியை ஆவணப்படத்தின் தோரணையில் ஒளிபரப்பியது. நடிகர்கள் விஞ்ஞானிகளாக வந்தார்கள். கடற்கன்னிகள் இருப்பதற்கு எந்தச் சான்றும் இல்லை என்று அமெரிக்க அரசின் கடலியல் நிறுவனம் விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு டிஸ்கவரி தன் ‘சுறா வாரத்தில்’, பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் அழிந்த மெகலடான் சுறா இன்னும் உயிரோடு இருக்கக்கூடும் என்று அதே பாணியில் காட்டியது. அந்தச் ‘சுறா வார’ நிகழ்ச்சிகளில் பேசிய சில உண்மையான ஆய்வாளர்கள், தாங்கள் சொன்னதைத் திரித்துவிட்டார்கள் என்று பின்னர் புகார் சொன்னார்கள். இப்படிப்பட்ட தொகுப்பறையில் ஒரு கடல் உயிரியலாளர் உட்கார்ந்திருந்தால் ஒரு வெட்டையாவது தடுத்திருப்பார் என்று நம்புவது இயல்பு.

தடுப்பாரா என்பதுதான் கேள்வி. அவரைப் பயிற்றுவிக்கும் முறையே அந்தத் தடுக்கும் கையைத் தளர்த்திவிடுகிறது என்று நினைக்கிறேன். இந்தப் படிப்புகள் விஞ்ஞானியிடம் இல்லாததைச் சேர்ப்பதில் திறமையானவை. அவரிடம் ஏற்கெனவே இருப்பதைப் படத்துக்குள் கொண்டுவரும் வழியை அவை போதிய அளவு தேடுவதில்லை. ஏற்கெனவே இருப்பது என்று நான் சொல்வது தகவல்களை அல்ல. அவை புத்தகத்திலும் கிடைக்கும். அளந்து பார்க்கும் பழக்கம், ‘இது எனக்கு எப்படித் தெரியும்?’ என்று தன்னையே கேட்டுக்கொள்ளும் பழக்கம், உறுதியாகச் சொல்ல முடியாத இடத்தில் நின்றுகொள்ளும் பழக்கம் ஆகியவைதான் அவருடைய சொத்து.

புலியை எடுத்துக்கொள்வோம். நாகரஹொளெயில் உல்லாஸ் காரந்த் தானியங்கி கேமராக்களை மரங்களில் கட்டிப் புலிகளைக் கணக்கிட்டபோது, ஒவ்வொரு புலிக்கும் வரிகள் வேறு என்ற உண்மைதான் அடிப்படை. இரண்டு படங்களில் இருப்பது ஒரே புலியா, வேறு புலியா என்று தீர்மானிப்பதில் தவறினால் மொத்தக் கணக்கும் சாயும். புலி ஆய்வாளர் ஒருவர் ஆண்டுக்கணக்கில் கண்ணை இதற்கென்றே பழக்கியிருப்பார். அவரே படத்தொகுப்பு வகுப்பில் உட்காரும்போது வேறொன்றைக் கற்கிறார். மூன்று புலிகளின் காட்சிகளை ஒட்டினால் ஒரு தாய்ப் புலியின் வாழ்க்கை கிடைக்கும். ஒரு வேட்டையின் தொடக்கத்தை ஜனவரியிலும் முடிவை மே மாதத்திலும் எடுக்கலாம். மான் நிமிர்ந்து பார்க்கும் காட்சி எந்த நாளுடையதாகவும் இருக்கலாம். உலகம் முழுவதும் இதுவே கைத்தொழிலின் அரிச்சுவடி. பார்வையாளருக்கு வரிகளைப் படிக்கத் தெரியாது என்பதை நம்பித்தான் வெட்டு நடக்கிறது. ஆய்வுக் கட்டுரையில் இதைச் செய்தால் வேலை போகும்.

ஒலியின் கதை இன்னும் அழுத்தமானது. நீளமான லென்ஸ் அரைக் கிலோமீட்டர் தொலைவில் உள்ள விலங்கை அருகில் கொண்டுவரும்; மைக் அப்படிக் கொண்டுவராது. ஆகவே புல்லில் பதியும் காலடி, எலும்பு நொறுங்கும் சத்தம், சிறகடிப்பு ஆகியவற்றில் பெரும்பகுதி பின்னால் ஸ்டுடியோவில் உண்டாக்கப்படுபவை. 2011-ல் பிபிசியின் ‘ஃப்ரோசன் பிளானட்’ தொடரில் துருவக் கரடிக் குட்டிகள் பனிக்குகைக்குள் இருக்கும் காட்சியை ஐரோப்பிய விலங்குக் காட்சிசாலை ஒன்றில் எடுத்திருந்தார்கள் என்பது வெளிவந்தபோது பெரிய சர்ச்சை எழுந்தது. வர்ணனை அதைச் சொல்லவில்லை. குகைக்குள் கேமரா வைத்தால் தாய் குட்டியைக் கொன்றுவிடக்கூடும் என்ற விளக்கம் நியாயமானது. அதை அந்த இடத்திலேயே சொல்வதற்கு என்ன தடை? மாயை கலைந்துவிடும் என்றார்கள். மாயை கலையாமல் காக்க வேண்டியது படத்தின் கடமை என்ற நம்பிக்கையைத்தான் இத்தகைய படிப்புகள் எளிதாகக் கைமாற்றிவிடுகின்றன. தகுதித்தேர்வில் அறிவியல் பட்டம் கேட்பவர்கள், இறுதித்தேர்வில் ஒவ்வொரு காட்சியும் எங்கே, எப்போது, எந்த விலங்கை வைத்து எடுக்கப்பட்டது, எந்த ஒலி பின்னால் சேர்க்கப்பட்டது என்ற குறிப்பேட்டையும் கேட்க வேண்டும். களக்குறிப்பேடு எழுதப் பழகிய கைக்கு இது சுமையே அல்ல. அவரிடம் கேட்கப்படும் அறிவியலில் இதைவிடப் பயனுள்ளது எது?

கதை சொல்லும் கலை பற்றிய வாதத்தில் தவிர்க்க முடியாத பெயர் ராண்டி ஓல்சன். நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தில் நிரந்தரப் பேராசிரியராக இருந்த கடல் உயிரியலாளர். 1994-ல் அந்த வேலையை உதறிவிட்டுத் தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சினிமாப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். பரிணாமக் கொள்கைக்கும் அதை எதிர்ப்பவர்களுக்கும் நடந்த சண்டையை வைத்து 2006-ல் ‘ஃப்ளாக் ஆஃப் டோடோஸ்’ எடுத்தார். எதிர்ப்பவர்கள் இனிமையாகப் பேசுகிறார்கள், விஞ்ஞானிகள் எரிந்து விழுகிறார்கள் என்பதை அந்தப் படம் ஒளிவுமறைவில்லாமல் காட்டியது. விஞ்ஞானிகள் கேட்க வேண்டிய விமர்சனம் அது. நம் ஊர்க் கருத்தரங்குகளில் நாற்பது ஸ்லைடுகளை இருபது நிமிடத்தில் ஓட்டுபவர்களும் கேட்கலாம். ஆனால் ஓல்சன் போன்றவர்கள் பரப்பிய தீர்வு, எதையும் ‘இப்படி இருந்தது, ஆனால் இது நடந்தது, அதனால் இப்படியானது’ என்ற அச்சில் வார்ப்பது. வகுப்பறைக்கு இந்த அச்சு மிக வசதியானது, கற்பிக்கவும் திருத்தவும் மதிப்பெண் போடவும் எளிது. ஆய்வின் பெரும்பகுதி அதற்குள் அடங்காது. ‘இப்படி இருந்தது, இதுவும் இருந்தது, எது எதனால் என்று இன்னும் பிரிக்க முடியவில்லை’ என்பதுதான் ஒரு காட்டுயிர் ஆய்வாளரின் ஐந்தாண்டு உழைப்பின் நேர்மையான முடிவாகப் பல நேரம் இருக்கும். அச்சுக்குள் போடும்போது உதிர்ந்து விழுவது அந்த நேர்மைதான்.

2006-ல் வந்த பிபிசியின் ‘பிளானட் எர்த்’ தொடரின் ஒவ்வொரு பகுதியின் இறுதியிலும் பத்து நிமிட ‘டைரி’ ஒன்று இருக்கும். எப்படிப் படமெடுத்தோம் என்பதைக் காட்டும் பகுதி. பலருக்கு முதன்மைப் படத்தைவிட அது பிடித்திருந்தது. மக்கள் ‘எப்படி?’ என்பதைப் பார்க்கத் தயார் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் அங்கே காட்டப்பட்டது கேமராக்காரரின் பாடு. குளிர், பசி, ஏமாற்றம். அந்த விலங்கைப் பற்றி நாம் அறிந்ததை எவர் எப்படி அறிந்தார் என்பது அந்த டைரியின் மையத்துக்கு வரவில்லை. அதை மையத்துக்குக் கொண்டுவரும் ஆற்றல் விஞ்ஞானியாகப் பயின்ற இயக்குநருக்கு இருக்கிறது. அவரோ பிபிசியின் கண்ணால் பார்க்கப் பழகி வெளியே வருகிறார்.

அப்படிப்பட்ட படம் சாத்தியமா என்று கேட்பவர்கள் ‘நாக்டர்ன்ஸ்’ பார்க்க வேண்டும். அனிர்பன் தத்தாவும் அனுபமா ஸ்ரீநிவாசனும் இயக்கியது. 2024-ல் சன்டான்ஸ் விழாவில் கலை நேர்த்திக்கான சிறப்பு நடுவர் விருது பெற்றது. அருணாச்சலப் பிரதேசத்தின் மலைக்காட்டில் ஒரு பெண் ஆய்வாளரும் புகுன் இனத்தைச் சேர்ந்த இளைஞர் ஒருவரும் இரவில் வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்கேற்றி, விட்டில்பூச்சிகள் வந்து அமரக் காத்திருக்கிறார்கள். பிறகு படமெடுக்கிறார்கள், எண்ணுகிறார்கள், உயரத்தை மாற்றி மறுபடி எண்ணுகிறார்கள். துரத்தல் இல்லை, வில்லன் இல்லை. அளவெடுப்பதே படத்தின் நிகழ்ச்சி. துணியில் பூச்சிகள் உரசும் ஒலியை இவ்வளவு பொறுமையாகக் கேட்கவைத்த இந்தியப் படம் எனக்கு வேறு நினைவுக்கு வரவில்லை. இதை எடுத்த இருவரும் விஞ்ஞானிகள் அல்லர் என்பது போஸ்மன் பாடத்திட்டத்துக்கு ஒரு கடினமான எதிர்ச்சான்று. ஆய்வாளரின் வேலையைக் கதைக்கான மூலப்பொருளாகப் பார்க்காமல், வேலையாகவே பார்த்தார்கள். அந்தப் பார்வையை அறிவியல் பட்டம் தானாகத் தந்துவிடாது.

அதற்காக விஞ்ஞானப் பயிற்சி பயனற்றது என்று முடிவுகட்டினால் சேகர் தத்தாத்ரி குறுக்கே நிற்பார். சிறுவயதிலேயே சென்னைப் பாம்புப் பண்ணையில் தன்னார்வலராகச் சேர்ந்து, விலங்கியல் படித்து, பண்ணையில் படமெடுக்க வந்தவர்களுக்கு உதவியாளராக இருந்து கேமராவைக் கற்றவர். குதிரேமுக மலையில் இரும்புத்தாதுச் சுரங்கத்தால் பத்ரா நதியில் சேரும் வண்டலைப் பற்றி 2001-ல் அவர் எடுத்த குறும்படம், சுரங்கத்தை நிறுத்தக் கோரிய இயக்கத்தின் கையில் முக்கியமான கருவியானது. 2002-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2005 இறுதியில் சுரங்கம் நின்றது. வழக்கை வென்றது படம் மட்டுமல்ல. ஆய்வாளர்களும் ஆர்வலர்களும் பல ஆண்டு சேர்த்த சான்றுகள் அதற்குப் பின்னால் இருந்தன. ஆனாலும் எதிர்த்தரப்பின் குறுக்கு விசாரணையைத் தாங்கும்படி ஒரு காட்சியை எடுப்பது எப்படி என்று தெரிந்த ஒருவர் தேவைப்பட்டார். விலங்கியல் படித்த கண்ணுக்கு அது தெரிந்திருந்தது. உலகத் தொலைக்காட்சிகளுக்குப் படமெடுத்துப் பெயர் வாங்கிய பிறகு அவர் இந்தச் சிறு படங்களின் பக்கம் திரும்பினார் என்பதும் கவனிக்க வேண்டியது. சந்தைக்கு உகந்த படமெடுக்கும் திறனும் சான்றாக நிற்கும் படமெடுக்கும் திறனும் வேறுவேறு என்பதை அவருடைய பாதையே காட்டுகிறது. பட்டப்படிப்புகள் முதலாவதுக்குத்தான் ஆளைத் தயாரிக்கின்றன.

தத்தாத்ரியின் தொடக்ககாலப் படங்களில் ஒன்று, 1978-ல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தைப் பற்றியது. அந்தச் சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023-ல் பத்மஸ்ரீ பெற்றார்கள். மண்ணில் கிடக்கும் தடத்தைப் பார்த்தே எந்தப் பாம்பு, எவ்வளவு நேரத்துக்கு முன் போனது என்று சொல்லக்கூடியவர்கள் இருளர்கள். மொன்டானாவின் வாசலில் கேட்கப்படும் பட்டம் அவர்களிடம் இல்லை. அறிவு என்பதைச் சான்றிதழால் வரையறுக்கும் இடத்தில் இந்தப் படிப்பு மிகப் பெரிய பிழையைச் செய்கிறது. அமெரிக்காவில் அந்தப் பிழை ஒருவேளை பெரிதாகத் தெரியாமல் போகலாம். இந்தியாவில் எந்தக் காட்டுயிர் ஆய்வாளரைக் கேட்டாலும், தனக்குக் காட்டைக் காட்டியவர் சோலிகரோ இருளரோ காணியோ ஒருவர் என்பார். கட்டுரையில் நன்றி சொல்லும் பத்தியில் அவர் பெயர் வரும். படத்தில் பெரும்பாலும் பெயரே வராது. அசாமின் தேஜ்பூரில் ரீட்டா பானர்ஜி 2014-ல் நிறுவிய ‘கிரீன் ஹப்’, வடகிழக்கின் கிராமங்களிலிருந்து வரும் இளைஞர்களுக்குக் கேமரா கொடுத்துப் பயிற்சி தருகிறது. பட்டம் கேட்பதில்லை. ஒரு காட்டின் நான்கு பருவங்களையும் அங்கேயே வாழ்ந்து அறிந்தவர் படமெடுக்கிறார். விஞ்ஞானியைப் படமெடுப்பவராக்கும் முயற்சிக்கு இணையாக இதுவும் நடக்காவிட்டால், கேமராவுக்குப் பின்னால் இருப்பவர்களின் சாதியும் வகுப்பும் மாறவே மாறாது.

இன்னொரு சிக்கல் நம் நாட்டுக்கே உரியது, அதிகம் பேசப்படாதது. காட்டுக்குள் ஆய்வு செய்யவும் வனத்துறையின் அனுமதி வேண்டும், படமெடுக்கவும் வேண்டும். இரண்டையும் ஒரே ஆள் செய்தால் ஒரே அலுவலகத்தை இரண்டு தடவை சார்ந்திருக்கிறார். ஒரு புலிகள் காப்பகத்தில் சாலைப் பணி எப்படி நடந்தது என்று படத்தில் காட்டிவிட்டால், அடுத்த ஆண்டு அவருடைய முனைவர் பட்ட ஆய்வுக்கான அனுமதி கேள்விக்குறியாகலாம். தனியாகப் படமெடுப்பவருக்கு ஒரு படம் போகும். விஞ்ஞானிக்குப் பத்தாண்டு ஆய்வே போகும். அதனால்தான் அழகான படங்கள் நிறைய வருகின்றன, சங்கடமான படங்கள் குறைவாக வருகின்றன. எந்தப் பாடத்திட்டமும் இதைத் தீர்த்துவிடாது. ஆனால் படிப்பைத் தொடங்க நினைப்பவர்கள் இதை மறைத்துக்கொண்டு மாணவர்களைச் சேர்க்கக்கூடாது.

பெங்களூருவில் இப்படி ஒன்று வருமானால், போஸ்மன் வடிவத்தில் வரக்கூடாது என்பேன். விஞ்ஞானியை மூன்று ஆண்டுகள் ஆய்விலிருந்து பிரித்துச் சினிமாக்காரராக மாற்றினால் அவர் திரும்பி வரமாட்டார்; வாழ்க்கைப்பாடு அவரை விடாது. தேசிய உயிரி அறிவியல் மையத்தில் 2003-04 முதல் நடக்கும் காட்டுயிர் உயிரியல் முதுநிலைப் படிப்பில் மாணவர்கள் மாதக்கணக்கில் காட்டில் தங்கி ஆய்வறிக்கை எழுதுகிறார்கள். அந்தக் களப்பணிக்குள்ளேயே படமெடுப்பை வைக்கலாம். புனேயிலோ சென்னைத் திரைப்படக் கல்லூரியிலோ பயின்ற ஒரு ஒளிப்பதிவு மாணவர், ஒரு ஆய்வு மாணவர், அந்தக் காட்டின் ஊர்க்காரர் ஒருவர் என்று மூவரும் ஒரு பருவம் முழுவதும் ஒரே கூரையின்கீழ் இருக்கட்டும். ‘பாரத் கி சாப்’ குழுவுக்கு வாய்த்த நீண்ட காலம்தான் இங்கே தேவைப்படும் முதலீடு. ஒரே ஆளுக்குள் இரண்டு கலைகளைத் திணிப்பதைவிட, இரண்டு கலைகளும் ஒன்றையொன்று கேள்வி கேட்கும் இடத்தை உண்டாக்குவது நல்லது. ஒளிப்பதிவு மாணவர் ‘இந்தக் காட்சி எதற்கு?’ என்று கேட்க, ஆய்வாளர் ‘இந்த வெட்டு பொய்’ என்று சொல்ல, ஊர்க்காரர் ‘அந்த ஓடையின் பெயர் அதுவல்ல’ என்று திருத்த வேண்டும். ஒரே மண்டைக்குள் இந்த மூன்று குரல்களும் இருந்தால் எது சீக்கிரம் அடங்கும் என்று சொல்லத் தேவையில்லை.

மொழியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தமிழ் சினிமாவின் வரலாற்றையும் காட்டுயிரையும் ஒரே பேனாவால் எழுதிய சு. தியடோர் பாஸ்கரன், பெங்களூருவில் குடியேறிய தமிழர். உல்லாஸ் காரந்தின் புலி நூலைக் ‘கானுறை வேங்கை’யாகத் தமிழுக்குக் கொண்டுவந்தார். அந்த நூலைப் படித்தால், உயிரினங்களைப் பற்றித் துல்லியமாகவும் தெளிவாகவும் பேச நம் மொழியால் முடியும் என்பது விளங்கும். ஆனால் பெங்களூருவில் உருவாகும் காட்டுயிர்ப் படங்களின் வர்ணனை முதலில் ஆங்கிலத்தில் எழுதப்படுகிறது. தமிழோ கன்னடமோ வந்தால் பின்னால் குரல்மாற்றாக வருகிறது. சத்தியமங்கலத்திலோ கொள்ளேகாலிலோ யானையோடு வயலைப் பங்குபோட்டுக்கொள்பவர் அந்தப் படத்தின் முதல் பார்வையாளராக இருக்க வேண்டியவர். அவருக்குத் தெரிந்த சொற்களில் எழுதத் தொடங்கினால் படத்தின் கேள்விகளே மாறும். யானையின் கம்பீரத்தைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். இந்த மாதம் கூட்டம் எந்த வழியாக வரும், மின்வேலி போட்ட பிறகு வழி மாறியதா, இழப்பீட்டுக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்பதே அவருக்கு வேண்டும். இவற்றுக்கு ஆய்வாளரிடம் பதில் உண்டு, அல்லது பாதிப் பதில் உண்டு. அந்தப் பாதியைச் சொல்லும் படத்தை யாரும் இன்னும் சரியாகக் கற்பிக்கவில்லை.

கடைசியில் பணம். அறிவியலை மக்களிடம் கொண்டுசெல்ல 1989-ல் தொடங்கிய விக்யான் பிரசார் அமைப்பு, பல ஆண்டுகள் அறிவியல் படங்களைத் தயாரித்தும் தேசிய அறிவியல் திரைப்பட விழாவை நடத்தியும் வந்தது. 2023-ல் ஒன்றிய அரசு அதை மூடியது. அதன் படங்கள் எல்லாம் சிறந்தவை என்று சொல்லமாட்டேன். பல படங்கள் அரசுக் கோப்பின் வாசனை வீசியவை. ஆனாலும் விற்பனையாகாத பொருளைப் பற்றியும் ஒருவர் படமெடுக்கலாம் என்ற வாய்ப்பு அங்கே இருந்தது. இன்று பயிற்சி பெற்று வரும் விஞ்ஞானிக்கு அலைவரிசைகளும் ஓடிடி தளங்களும் நிறுவனங்களின் சமூகப்பொறுப்பு நிதியும்தான் வாசல்கள். அங்கே புலிக்கு இடமுண்டு, யானைக்கு உண்டு. மண்புழுவுக்கும், பாசிக்கும், முடிவு தெரியாத ஆய்வுக்கும் இல்லை. பயிற்சிக்கு ஒதுக்கும் ஒவ்வொரு ரூபாயோடும், பயின்றவர் தன் துறையைப் பற்றிய இரண்டாவது படத்தை, எவர் விருப்பத்துக்கும் வளைக்காமல் எடுப்பதற்கான ஒரு ரூபாயையும் சேர்த்தே ஒதுக்க வேண்டும். மாணவர்கள் முதல் படத்தை எப்படியாவது எடுத்துவிடுகிறார்கள். இரண்டாவதற்குள்தான் பெரும்பாலானோர் சந்தையிடமோ ஆய்வகத்திடமோ திரும்பிவிடுகிறார்கள்.